மூன்று முட்டைகளும் ஒரு வெர்னியரும்

அந்தப் பெண் ஆமை முட்டையிட்ட ஞாயிற்றுக்கிழமை நான் புனேயில் இல்லை. பொள்ளாச்சியில் மனைவியின் தம்பி மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பியது ஒன்பதாம் நாள், செவ்வாய். நடந்த தவறுக்கெல்லாம் அந்த ஒன்பது நாள் இடைவெளிதான் காரணம் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. ஆனாலும் எதையும் தேதியிலிருந்து தொடங்கித்தான் எனக்குப் பழக்கம்.

போசரி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு ஆண்டு தர ஆய்வாளனாக இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் உருளைகளை அளந்து, சரியானதை ஏற்று, சரியில்லாததைத் தள்ளுவது வேலை. ஓர் உருளை வட்டமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் பென்சிலால் குறி போட்டு, அதைத் தொடக்கமாக வைத்து, இரண்டு தாடைகளால் கவ்வி அளக்கும் வெர்னியரால் ஒரு தடவை அளக்க வேண்டும். கொஞ்சம் உருட்டி இன்னொரு தடவை. மறுபடி உருட்டி மூன்றாம் தடவை. மூன்று அளவும் ஒன்றாக வந்தால்தான் வட்டம். முடிந்ததும் குறி மேலே தெரியும்படி தட்டில் வைத்துவிட வேண்டும். அடுத்த ஷிப்டு ஆய்வாளருக்கு அது அடையாளம். ஓய்வு பெற்ற பிறகும் இது கையை விட்டுப் போகவில்லை. “ஏனுங்க, தோசைக்கும் குறி போட்டு அளப்பீங்களாட்ட இருக்குது” என்பாள் மனைவி. ஒருமுறை அளந்தும் இருக்கிறேன். அவள் தோசைகள் வட்டமில்லை.

வேலையில் இருந்த காலத்திலேயே இரண்டு காரியங்களை விடாமல் செய்துவந்தேன். ஒன்று நாட்குறிப்பு. மற்றது படிப்பு, அதிலும் இயற்கையைப் பற்றிய பழைய நூல்கள். காட்டிலும் மேட்டிலும் அலைந்து, பறவை முட்டைகளின் நீளம், அகலம், எடை எல்லாவற்றையும் பட்டியலிட்டு வைத்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர்கள் அளந்தவை ஊசியால் துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றிய வெற்று ஓடுகள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த ஒன்று தேவையான நேரத்தில் ஞாபகத்துக்கு வர வேண்டுமே.

லோஹேகாவுக்கு அப்பால், விமானதளத்தின் சுற்றுச்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓர் அறக்கட்டளையின் சிறிய விலங்குக்காட்சி சாலை இருந்தது. மான்கள், மயில்கள், கால் ஊனமான ஒரு கழுதைப்புலி, வழியில் பிடிபட்டு வந்த பாம்புகள். ஓய்வு பெற்ற மறு மாதமே அங்கே தொண்டராகப் போய்ச் சேர்ந்தேன். பதிவேடுகளை எழுத ஓர் ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. திங்கள் விடுமுறை. மற்ற நாட்களில் பத்து மணிக்குப் போய் நாலரைக்குத் திரும்புவேன். போர் விமானம் மேலே சீறிப் போகும் ஒவ்வொரு தடவையும் மான்கள் ஒரே பக்கமாகத் திரும்பும். முதல் வாரம் அதையும் குறித்து வைத்தேன்.

ஆமைகள் வந்தது நான் சேர்ந்த ஆண்டின் மழைக்காலத்தில். ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையில் நட்சத்திர ஆமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று அவற்றை வாங்க ஆள் உண்டு. பையின் அடியில் வேறு மாதிரி இரண்டு இருந்தன. பழுப்பு ஓடு, அதில் மை சிந்தியதுபோல் கறுப்புத் திட்டுகள், மஞ்சள் தலை. வியாழன்தோறும் வரும் கால்நடை மருத்துவர் அவற்றைத் தூக்கி, கழுத்துக்கு மேலே ஓட்டின் முன்விளிம்பை விரலால் தடவினார். சில ஆமைகளுக்கு அங்கே ஒரு சின்னத் தகடு இருக்கும், இவற்றுக்கு இல்லை. “இது மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் காட்டு ஆமை. இந்தப் பைக்குள் எப்படி வந்தது?” என்றார். அவர் மராட்டிப் பெண். என்னோடு ஹிந்தியில் பேசுவார். நூல்கள் திருவிதாங்கூரின் பெயரால் அழைக்கும் ஆமை அது. ஈர இலைச் சருகுக்குள்ளும் மூங்கில் புதருக்குள்ளும் வாழும். உலகத்தில் அந்த மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. அங்கேயும் தோட்டங்களும் சாலைகளும் தீயும் நாய்களும் கறிச் சட்டிக்குப் பிடிப்பவர்களுமாகச் சேர்ந்து அதைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

திரும்பக் காட்டில் விட்டுவிடலாமே என்று கேட்டேன். எந்த மலையின் எந்தச் சரிவிலிருந்து எடுத்தது என்று தெரியாமல் விட முடியாது, பைக்குள் மற்ற ஆமைகளிடமிருந்து தொற்றிய நோயும் கூடவே காட்டுக்குப் போகும் என்றார் மருத்துவர். இப்படிப் பிடிபட்டவற்றை விலங்குக்காட்சி சாலைகள் ஒன்றுக்கொன்று மாற்றி, ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிக்கவைத்து, காடு ஒருநாள் கேட்டால் கொடுப்பதற்கென்று ஓர் இருப்பைக் காப்பாற்றுகின்றன. அதற்கு ஓர் இனப்பதிவேடு உண்டு. ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண். தாய், தந்தை, பிறந்த நாள், பிறந்த இடம், இறந்த நாள், காரணம். அந்தப் படிவத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை. எங்கள் இரண்டு ஆமைகளின் வரிசையிலும் தாய், தந்தை, பிறந்த இடம் எல்லாவற்றிலும் ‘தெரியாது’ என்று நானே எழுதினேன்.

அவற்றைப் பார்த்துக்கொண்டவர் கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஐம்பது வயதிருக்கும். வேலூர்ப் பக்கமிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். பதினோரு வருடமாக ஒப்பந்தப் பணியாளர். தமிழ் எழுதத் தெரியாது. பேசும்போது பாதி மராட்டி விழும். தேதி என்ற ஒன்றையே அவர் வைத்துக்கொள்வதில்லை. “மயில் குஞ்சு எப்போ செத்தது?” என்று கேட்டால், “மழை பெஞ்சுதே, பைப்பு ஒடஞ்சுதே, அதுக்கு அடுத்தாப்ல” என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பெண் ஆமைக்கு அவர்தான் மாமியார் என்று பட்டம் வைத்தார்.

“மூஞ்சியப் பாருங்கண்ணா. பப்பாளி வச்சாச்சு, காளான் வச்சாச்சு, அம்பாடிக் கீர வச்சாச்சு. இன்னும் இன்னா கீதுன்னு பாக்குது. எங்க மாமியாரேதான்.”

“அப்ப ஆண்?”

“மாமனார். வாயே தொறக்காது, பாவம்.”

கார்த்திகையில் மாமனாரின் மூக்கும் கண்ணோரமும் இளஞ்சிவப்பாக மாறின. இணையும் பருவத்தின் அடையாளம் அது என்று மருத்துவர் சொன்னார். இரண்டையும் ஒரே அடைப்பில் விட்டார்கள். ஓட்டோடு ஓடு மோதும் சத்தம் ஜல்லி உடைப்பதுபோலக் கேட்கும். பணியாளர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். தை பிறந்ததும் புனேயின் குளிர் இறங்கியது. சருகுக்குள் வாழ்ந்த உயிருக்கு அந்த வறண்ட குளிர் ஆகவில்லை. ஆணின் மூக்கில் நீர் ஒழுகியது, பிறகு குமிழ் விட்டது. ஒன்பது நாள் ஊசி போட்டும் ஒரு புதன்கிழமை காலை தலையை வெளியே நீட்டியபடி செத்துக் கிடந்தது. ‘இறந்த நாள்’, ‘காரணம்’ இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் தொடக்கத்தில் சொன்னது. பிப்ரவரி மாதம். மாமியார் அடைப்பின் மூலையில் பின்னங்காலால் குழி பறித்து மூன்று முட்டை இட்டிருந்தது.

திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை வாசலிலேயே பணியாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, மூணு! மூணும் மஸ்த்தா, ஜோரா கீது. டாக்டர் நேத்து லீவு நாள்னு பாக்காம வந்து டார்ச் அடிச்சுப் பாத்துச்சு. உள்ள ரத்தக் கோடு ஓடுதாம். மூணுலயும்.”

“இன்குபேட்டரில் வைத்தாயிற்றா?”

“எப்பவோ வச்சாச்சு. பாக்கலாம், ஆனா தொடக்கூடாது. டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கு.”

“ஏன்?”

“அதெல்லாம் எனக்கு எதுக்கு? நகோன்னா நகோ, வேணாம்னா வேணாம்.”

அன்று மாலை நிர்வாகி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சொல்வதைச் சுருக்கமாகச் சொல்வார். முட்டை பொரிந்தால், தெற்கே இந்த இன ஆமைகளை வளர்க்கும் விலங்குக்காட்சி சாலைகளின் குழுவில் நம்மையும் சேர்ப்பார்கள். ஆமைகளுக்கென்று ஒரு நிரந்தரப் பணியிடம் கிடைக்கும். பணியாளரைப் பார்த்து, “அது உனக்குத்தான்” என்றார். பொரியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பணியாளர் என்னிடம், “பதினோரு வருஷமாண்ணா. ஒவ்வொரு மார்ச்சுலயும் கான்ட்ராக்ட் கையெழுத்து வாங்குவாங்களா மாட்டாங்களான்னு ஆபீஸ் வாசல்லயே நிப்பேன். அடுத்த வருஷ மார்ச்சு இந்த மூணு கையில கீது” என்றார்.

இன்குபேட்டர் என்ற அடைகாக்கும் பெட்டி இருந்த இடம் தகரக் கூரை போட்ட ஓர் அறை. பஞ்சு போல மெத்தென்ற ஈரத் துகளில் பாதி புதைந்து மூன்று முட்டைகளும் கிடந்தன. வெள்ளை, கோழி முட்டையைவிடச் சற்று உருண்டை. ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய தோழனைப் பார்த்தாற்போல இருந்தது.

என்னிடம் ஒப்படைத்தது வெப்பநிலையும் ஈரப்பதமும் காலை மாலை குறிப்பது மட்டும். பத்தாம் நாள், புதன்கிழமை, பகல் ஒன்றரைக்குப் பணியாளர் மான்களுக்குத் தீனி போடப் போனார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெர்னியரையும், தங்கம் நிறுக்கும் மாதிரியான சின்னத் தராசையும் எடுத்தேன். கையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். முதல் முட்டையை எடுத்து, பெருக்கல் குறியைத் தொடக்கமாக வைத்து அளந்தேன். உருட்டினேன், அளந்தேன். உருட்டினேன், அளந்தேன். எடை பார்த்தேன். குறி மேலே தெரியும்படி அதே பள்ளத்தில் திரும்ப வைத்தேன். மூன்று முட்டைகளுக்கும் சேர்த்துப் பதினான்கு நிமிடம் ஆனது. இதையும் எழுதியிருக்கிறேன்.

தொடக்கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்ததா என்றால், இருந்தது. கீழே போடுகிறவர்களுக்காகச் சொன்னது என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு உருளையைக்கூடக் கீழே போட்டதில்லை.

புதன்தோறும் அளந்தேன். விலங்குக்காட்சி சாலையின் பதிவேட்டில் வெப்பநிலையும் ஈரப்பதமும். அளவுகள் என் சொந்த நோட்டில். இந்த இன ஆமையின் முட்டை அடைகாலம் முழுவதும் வாராவாரம் எப்படி மாறுகிறது என்று, நான் படித்த எதிலும் இல்லை. குஞ்சு வெளிவரும் நாளில் ஒரு வரைபடமாகப் போட்டு மருத்துவரிடம் கொடுத்து அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. வீட்டில் கட்டத்தாள் விரித்து உட்காருவேன். “பேத்தி பொறந்தப்பக் கூட நீங்க இத்தனை எழுதலீங்க” என்றாள் மனைவி.

ஒருமுறை மட்டும் பணியாளர் பார்த்துவிட்டார். மூன்றாவது புதனோ நான்காவதோ என்று ஐயம் வேண்டாம், நான்காவது. கையில் வெர்னியரோடு நின்றிருந்தேன். முட்டை அதற்குள் பெட்டிக்குள் போயிருந்தது.

“இன்னாண்ணா அது, பல்லு புடுங்கறதா?”

“அளவு பார்க்கிற கருவி.”

“பொட்டிய அளக்கறீங்களா?”

“ஆமாம்,” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குவளையை நிரப்பிவிட்டுப் போனார்.

மின்தடை வந்தது அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நாள், வெள்ளி. அன்று நான் கண் மருத்துவமனைக்குப் போய்விட்டு நாலு மணிக்குத்தான் போனேன். பகல் பன்னிரண்டரைக்கு அந்தப் பகுதியின் டிரான்ஸ்பார்மர் வெடித்திருந்தது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. பல வாரமாகவே இல்லை. மார்ச் வெயிலில் தகர அறை அடுப்பு. பணியாளர் சாக்குகளை நனைத்து அறைக் கூரையில் போட்டு, இன்னொரு சாக்கை இன்குபேட்டரைச் சுற்றிக் கட்டி, தன் துப்பட்டாவையும் நனைத்து மேலே போர்த்தி, வாளியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க நனைந்திருந்தது.

“எவ்ளோ ஏறிச்சுண்ணா? பயமா கீது. படிச்சுச் சொல்லுங்க.”

உச்ச வெப்பநிலையைக் காட்டும் கருவியைப் பார்த்தேன். மூன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரி ஏறியிருந்தது. மலைக்காட்டில் ஒரு மதியத்துக்கு இதைவிட அதிகம் ஏறி இறங்கும். அப்படியே சொன்னேன். அவர் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்து, “மாமியார் கிட்ட நல்ல பேர் வாங்கறது இவ்ளோ கஷ்டம்” என்றார். பதிவேட்டில் ‘ஒரு டிகிரி உயர்வு, மின்தடை’ என்று எழுதினேன். ஈரச் சாக்கைப் பற்றி என் நோட்டில்தான் எழுதினேன். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

நாலரை ஐந்து மாதத்தில் பொரிய வேண்டும் என்றார் மருத்துவர். ஜூன் போனது. மழை பிடித்தது. ஜூலை பாதியிலிருந்து பணியாளர் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போனார். முட்டைகள் அசையவில்லை. எடை குறைந்துகொண்டே வந்தது. நீர் வற்றுகிறது, இயல்பு என்று நோட்டில் எழுதினேன். ஜூலைக் கடைசியில் ஒரு முட்டையிலிருந்து நாற்றம் வந்தது. அதற்கு மேல் காத்திருப்பதில் பொருளில்லை என்று மருத்துவர் முடிவு செய்தார்.

ஆகஸ்டின் முதல் வியாழக்கிழமை. எவர்சில்வர் தட்டு, ஒரு சின்னக் கத்தரி. மேசையைச் சுற்றி நான், பணியாளர், நிர்வாகி. முதல் முட்டைக்குள் கெட்டியான மஞ்சள் குழம்பும், ஓட்டின் உள்பக்கம் ஒட்டிய ஒரு பழுப்புத் துணுக்கும் இருந்தன. அதில் கறுப்பாக ஒரு புள்ளி. “கண்,” என்றார் மருத்துவர். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் திறந்தபோது பணியாளர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“மூன்றும் ஒரே வயதில் நின்றிருக்கின்றன,” என்றார் மருத்துவர். “இரண்டு வாரத்துக்கு மேல், மூன்று வாரத்துக்குள்.”

பிறகு ஓட்டுத் துண்டு ஒன்றைத் திருப்பி, பெருக்கல் குறியை எங்களுக்குக் காட்டினார். “இந்தக் குறி எதற்குப் போட்டேன் தெரியுமா? ஆமைக் கரு, முட்டையிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஓட்டின் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கடைசிவரை குறி மேலேயே இருக்க வேண்டும். கோழி தன் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும். ஆமை ஒருநாளும் திரும்பிப் பார்க்காது. உருட்டினால் கரு பிய்ந்துவிடும், அல்லது மஞ்சள் அதன்மேல் விழுந்து அமுக்கிவிடும்.” பணியாளரைப் பார்த்து, “யாராவது இதைத் திருப்பினார்களா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். கடவுள் சத்தியமா நான் தொடவே இல்ல.”

என்னை அவர் கேட்கவில்லை. என்னைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. மேலே ஒரு விமானம் போனது. பத்தாம் நாள், பதினேழாம் நாள் என்று என் நோட்டின் இரண்டு வரிகள் கண்ணுக்கு முன் தெளிவாகத் தெரிந்தன. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

நிர்வாகி பதிவேட்டைப் புரட்டினார். “மூன்றாவது வாரத்தில் மின்தடை இருந்திருக்கிறது. யார் பணியில்?”

“நான்தான் சாப்,” என்றார் பணியாளர். “ஆனா சாக்கு நனைச்சு...”

நிர்வாகி என்னிடம் திரும்பினார். “வெப்பநிலை ஏறியதா?”

“ஏறியது,” என்றேன்.

“எவ்வளவு?”

“ஒரு டிகிரி.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில், கூடுதலாக ஒரு சொல் இல்லை என்பது ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கு. அந்த ஒழுங்குக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். அது கெடுதல் இல்லாத ஏற்றம் என்று மருத்துவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அரசுக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு காரணம் எழுதியாக வேண்டும் என்று நிர்வாகி சொன்னார். அறிக்கையில் இருந்த வாக்கியத்தைப் பின்னால் பார்த்தேன்: மின்தடையின்போது பணியாளரின் கவனக்குறைவால் வெப்பநிலை உயர்ந்து கருக்கள் இறந்தன. ஆதாரம், தொண்டர் பராமரித்த பதிவேடு.

வீட்டுக்கு வந்து கட்டத்தாள்களை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டேன். மூன்று நாள் கழித்து மனைவியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“அந்தம்மா மேல பழி போட்டுட்டாங்களா?”

“போட்டுவிட்டார்கள்.”

“நீங்க பாத்துட்டு இருந்தீங்களா?”

“என்னிடம் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.”

“நாளைக்கே போயிச் சொல்லிப்போட்டு வாங்க. இல்லீன்னா அந்த நோட்டையெல்லாம் தூக்கி அடுப்புல போடுங்க. ரெண்டுல ஒன்னு.”

நாளைக்கு என்பது திங்கள், விடுமுறை. செவ்வாய் போகவில்லை, மழை. புதன், அளக்கும் நாள், எழுந்திருக்கவே முடியவில்லை. வியாழக்கிழமை மருத்துவர் வரும் நாள். அன்று பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். இதற்கெல்லாம் காரணம் எழுத என்னிடம் கட்டம் இல்லை. மனைவி அந்த நாட்களில் என்னோடு பேசியவை சாப்பாடு சம்பந்தப்பட்டவை மட்டும்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு நிர்வாகியின் அறையிலும் அதன் பிறகும் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நிர்வாகி நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். “எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள்” என்றார். அறிக்கை போய்விட்டது, கோப்பு முடிந்துவிட்டது, ஒரு தொண்டர்மேல் நடவடிக்கை எடுக்க விதி எதுவும் இல்லை என்றார். வியாழக்கிழமை மருத்துவர் முழுவதையும் படித்தார். அறிக்கைக்கு ஒரு பின்னிணைப்பு எழுதி அனுப்பினார். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. பணியாளரின் ஒப்பந்தம் அடுத்த மார்ச்சில் புதுப்பிக்கப்படவில்லை. தெற்குக் குழுவிடமிருந்து கடிதம் வரவில்லை. மாமியார் இன்னும் அங்கே இருக்கிறது. வேறொருவர் தீனி வைக்கிறார். காளானைச் சுத்தம் செய்யாமல் வைக்கிறார். அடுத்த பிப்ரவரியில் அது அதே மூலையில் குழி பறித்தது என்று கேள்விப்பட்டேன். குழிக்குள் ஒன்றும் இல்லை. இனப்பதிவேட்டில் அந்த மூன்று முட்டைகளுக்கும் எண் கிடையாது. பொரிந்தால்தான் எண்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நிர்வாகியின் அறையிலிருந்து வெளியே வந்து வாசலுக்குப் போனேன். பணியாளரை அங்கேதான் மாற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டைப் பாதி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூட வரிசை உள்ளே போய் முடியும்வரை நின்றேன்.

“வாங்கண்ணா. எங்க போயிட்டீங்க? மாமியார் எதுவும் துன்னலியாம். பாத்தீங்களா?”

நின்றுகொண்டே சொன்னேன். வெர்னியர், புதன்கிழமைகள், உருட்டியது, குறியை மேலே வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த சீட்டுக் கட்டை மடியில் வைத்து, மேல் சீட்டின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே கேட்டார்.

“பொட்டிய அளக்கறேன்னு சொன்னீங்களே, அன்னிக்கு?”

“அன்றைக்கும் முட்டைதான்.”

“உங்களுக்கு எப்போ தெரிஞ்சுச்சு? இதனாலதான்னு?”

“முட்டையை உடைத்த அன்றைக்கே. வியாழக்கிழமை.”

“போன வியாழனா, அதுக்கு முந்துன வியாழனா?”

“அதற்கு முந்தின வியாழன்.”

அவர் விரலை மடக்கினார். எனக்குத் தெரிந்து அவர் நாள் கணக்குப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

“என்னை இங்க மாத்தி ஆர்டர் குடுத்தது சனிக்கிழமை,” என்றார். “நடுவுல வெள்ளிக்கிழமை ஃபுல்லா இருந்துச்சேண்ணா.”

இரண்டு பேர் சீட்டை நீட்டினார்கள். வாங்கி, கிழித்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். நான் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில், பையிலிருந்த நாட்குறிப்பைத் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே நான் எழுதியிருந்தது: மழை இல்லை, வெயில், வீட்டில் இருந்தேன்.